நீல விரிப்புக்குப் பின்னால் மீன்

நான் மீன். முப்பது வருடத்துக்கு மேலாக இந்தப் பாலர் பள்ளியில் நான்தான் மீன். "மாரித், நீ என்ன வேலை பாக்குற?" என்று யாராவது கேட்டால், ஆசிரியை என்று சொல்வதற்கு முன்னால் மீன் என்றுதான் எனக்கு வாயில் வரும்.

பிறந்தநாள் விருந்துக்குப் போன எந்த ஸ்வீடன் குழந்தைக்கும் இந்த விளையாட்டைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குறுக்கே ஒரு நீல விரிப்பைக் கட்டினால் அது கடல். குழந்தை ஒரு குச்சித் தூண்டிலை விரிப்புக்கு மேலே வீசும். அந்தப் பக்கம் ஒளிந்திருக்கும் பெரியவர் கயிற்றில் மிட்டாய்ப் பை ஒன்றை மாட்டி, ரெண்டு இழுப்பு இழுத்து விடுவார். அவ்வளவுதான் விளையாட்டு. நான் அதில் ஒரே ஒரு வம்பைச் சேர்த்தேன். எங்கள் மீனிடம் எதுவானாலும் சீட்டு எழுதித்தான் கேட்க வேண்டும்.

கயிற்று நுனியில் துணி காயப்போடும் கிளிப் இருக்கும். சீட்டை அதில் மாட்டி வீசினால் மீன் படித்துப் பார்த்து, எழுதியதைக் கொடுக்கும். எழுதியதை மட்டும்தான் கொடுக்கும். மகா பிடிவாதக்கார மீன் அது. 'ப' என்று ஒற்றை எழுத்தைக் கிறுக்கிவிட்டு, பன் வருமென்று வாயைப் பிளந்துகொண்டு நின்றால் பஞ்சு வரும். ஏன், பஞ்சுக்கும் அதே எழுத்துதானே? படம் வரைந்தும் அனுப்பலாம். ஆனால் அவர்கள் வரைகிற பன் மீனின் கண்ணுக்கு எப்போதும் உருளைக்கிழங்காகவே தெரியும். "இந்த மீனுக்கு ரொம்பக் கொழுப்பு!" என்று தரையில் விழுந்து புரள்வார்கள். புரண்டு எழுந்து, அடுத்த எழுத்து என்னவென்று ஒருவரையொருவர் கேட்டு, சண்டை போட்டு, இன்னோர் எழுத்தைச் சேர்ப்பார்கள். நான் ஒரு குழந்தையையும் உட்காரவைத்து எழுத்துப் புகட்டியதில்லை. இலவங்கப்பட்டை பன் அந்தப் பக்கம் மணக்க மணக்க இருக்கும்போது எந்தப் பிள்ளைக்கு எழுத்து கசக்கும்?

சட்டம் ரெண்டே ரெண்டு. மீனை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. மீன் சத்தம் போடக் கூடாது. இந்த ரெண்டையும் நான் போலீஸ்காரி மாதிரி காத்து வந்தேன்.

அந்த வருடத்துக்குள் ஆறு வயது நிறைந்து பெரிய பள்ளிக்குப் போக வேண்டியவர்கள் ஐந்து பேர். அவர்களில் கடைக்குட்டி ஹில்லெவி. டிசம்பர் கடைசியில் பிறந்தவள். நாலு வயது வரைக்கும் பேச்சு வரவில்லை. அதனால் பேச்சுப் பயிற்சிக்கென்று ஓர் அம்மாள் வாரம் தவறாமல் நகரத்திலிருந்து கார் ஓட்டி வந்தாள். வந்து எதிரே உட்கார்ந்து இவள் வாயையே உற்றுப் பார்ப்பாள். இவளுடைய அம்மா மாலினும் பார்ப்பாள், அத்தைகளும் பார்ப்பார்கள். என்ன சத்தம் வரப்போகிறது என்று ஊரே ஒரு குழந்தையின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றால் அந்தக் குழந்தைக்கு எப்படியிருக்கும்? பேச்சு ஒரு வழியாக வந்தது. வந்த பிறகு நிற்கவும் இல்லை. ஆனால் யாராவது ஓர் எழுத்து அட்டையை நீட்டி, "இது என்ன, சொல்லு" என்று முகத்தைப் பார்த்தால் போதும், வழுக்கிக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவாள். மற்றபடி மகாராணிதான். என்னோடு வேலை பார்க்கும் ஓலாவுக்கு "தாடி" என்று பெயர் வைத்தவளே அவள்தான். பெரிய பள்ளிக்கென்று வாங்கிய சிவப்புப் பையைக் கழிவறைக்குப் போகும்போதுகூட முதுகிலிருந்து கழற்ற மாட்டாள்.

மார்ச் மாதம், வெளியே இடுப்பளவு பனி. புதன்கிழமை, மீன் நாள். நான் விரிப்புக்குப் பின்னால், கோட்டுகள் தொங்குகிற மூலையில், குட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். சமையலறையில் தொலைபேசி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. சத்தமில்லாமல் நழுவிப் போய் எடுத்தேன். கையுறை தொலைந்த கதையை ஓர் அப்பா விலாவாரியாகச் சொன்னார். அவரைச் சமாளித்துத் திரும்பி வந்தால் என் ஸ்டூலில் ஹில்லெவி.

பிறகுதான் புரிந்தது. நகரத்து அம்மாளின் கார் முற்றத்துக்குள் வருவதை ஜன்னலில் பார்த்துவிட்டு, கோட்டுகளுக்கு அடியில் வந்து ஒளிந்திருக்கிறாள். நான் போனதும், மேலேயிருந்து தூண்டில் வந்து மூக்குக்கு முன்னால் ஆடியிருக்கிறது. என்னதான் செய்வாள்?

அப்படியே நின்றுவிட்டேன். ஒரு சீட்டை எடுத்தாள். மூக்கில் படுகிற அளவுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். உதடு அசைந்தது. கூடையைத் துழாவி மர ரயிலை எடுத்து மாட்டினாள். இழுப்பு ரெண்டு. அந்தப் பக்கம் "ரயில்! எனக்கு ரயில்!" என்று கூச்சல். அடுத்த சீட்டுக்குத் துணிப் பூனை போயிற்று. அதற்கடுத்தது, எந்தத் தின்னிப் பயல் எழுதினானோ, "பன் வெண்ணெயோட" என்று இருந்தது. பன்னை எடுத்து வைத்துக்கொண்டு வெண்ணெய்க்காகக் கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். வெண்ணெய்க்கு எங்கே போவாள்? என் பென்சிலை எடுத்து, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, அந்தச் சீட்டிலேயே "வெண்ணெய் இல்ல" என்று எழுதி, பன்னோடு சேர்த்து மாட்டினாள்.

எனக்குக் கூவ வேண்டும் போலிருந்தது. அழுகையும் வந்தது. வருடம் முழுக்கத் தூண்டில் வரிசையில் நின்று, மீனின் கஞ்சத்தனத்தை முறைத்து முறைத்தே இந்த வாலு எல்லாவற்றையும் கற்றிருக்கிறது, ஒருத்தருக்கும் தெரியாமல்! என் விளையாட்டால் கற்றது! நான் பெருமைப்படாமல் வேறு யார் பெருமைப்படுவது?

தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது.

"சொல்லாத," என்றாள் கிசுகிசுப்பாக.

"யாருகிட்ட?"

"யாருகிட்டயும். அம்மாகிட்டயும். நீ சொன்னா எல்லாத்தையும் மறந்துருவேன்."

"ஏன்டி கண்ணு?"

"படி, படின்னு என் வாயையே பாப்பாங்க. இங்கதான் யாரும் பாக்க மாட்டேங்குறாங்க."

எங்கள் வடக்குப் பக்கத்தில் ஆமாம் என்று சொல்வதற்கு வார்த்தை செலவழிக்க மாட்டோம். உதட்டைக் குவித்து 'ஷூப்' என்று மூச்சை உள்ளே இழுப்போம், சூடான காபியை உறிஞ்சுகிற மாதிரி. ஸ்டாக்ஹோம்காரர்கள் முதல்முறை கேட்டால் நமக்கு மூச்சுத் திணறுகிறதோ என்று பயந்துபோவார்கள். நான் ஒரு மூச்சை உள்ளே இழுத்தேன். வாக்குக் கொடுத்தாயிற்று. அன்றிலிருந்து புதன்கிழமைகளில் அவள்தான் மீன். நான் பக்கத்தில் கோட்டுகளுக்குள் உட்கார்ந்து அவளுக்குப் பன் எடுத்துக் கொடுக்கிற எடுபிடி.

மே மாதம் மாலின் வந்தாள். மகளுக்குப் பூட்ஸ் மாட்டிவிட்டு வெளியே அனுப்பினாள், கதவைச் சாத்தினாள்.

"ஹில்லெவிய இந்த வருசம் பெரிய பள்ளிக்கு அனுப்பல. இன்னும் ஒரு வருசம் இங்கயே இருக்கட்டும். கோடை விழா முடிஞ்சதும் விண்ணப்பம் கொடுத்துரப் போறேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? போன வாரம் அந்தம்மா அட்டைய எடுத்தாங்க. ஒரு எழுத்து சொல்லல, மாரித். மேசைக்கு அடியில போய் உக்காந்துகிட்டா. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

"மூஞ்சிக்கு நேரா அட்டைய நீட்டினா நான்கூட மேசைக்கு அடியிலதான் போவேன்."

"கிண்டல் பண்ணாத! நான் பின் பெஞ்சுல உக்காந்தவ. எல்லாப் பிள்ளைங்களும் கடகடன்னு படிக்கும், எனக்கு எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடும். தெனம் காலையில வயித்துவலின்னு பொய் சொல்லுவேன். அத என் பொண்ணு அனுபவிக்கக் கூடாது." அவள் கண் கலங்கியது. உடனே கோபமாகி, "நீங்க இங்க என்னத்த சொல்லிக்குடுக்குறீங்க? வெறும் வெளையாட்டு!" என்றாள்.

அந்த 'வெறும்' என்ற ஒரு சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"வெறும் வெளையாட்டா? ஒரு நாள் நீ வந்து அந்த ஸ்டூல்ல உக்காரு, முட்டி என்ன ஆகுதுன்னு பாப்போம்! உன் பொண்ணப் பத்தி உனக்கு..." என்று ஆரம்பித்தவள் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

"என் பொண்ணப் பத்தி எனக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

கதவை அறைந்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு காலையில் ஒரு வணக்கம், மாலையில் ஒரு வணக்கம், அவ்வளவுதான். நாலு பேர் சிரித்துக்கொண்டே பெரிய பள்ளிக்குப் போவார்கள், இவள் சிவப்புப் பையோடு கைக்குழந்தைகள் நடுவில் உட்கார்ந்திருப்பாள்.

ஓலாவிடம் மட்டும் கொட்டினேன். வேறு வழியில்லை, கோட்டுகளுக்குள் நான் கிடப்பதை அவன் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தான்.

"சொல்லித் தொலையேன்," என்றான். "அஞ்சு வயசுப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு. யாரு கேக்கப் போறா?"

"அவ கேப்பா."

"பிடிவாதக்காரி. உனக்கு மீனுன்னு பேரு வச்சது தப்பு. கழுதைன்னு வச்சிருக்கணும்."

"போடா தாடி."

ஆனால் ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. கடைசியில், சொல்வதானால் சொல்ல வேண்டியவள் நானில்லை என்று தோன்றியது. மறுநாள் மணல் குழியில் ஹில்லெவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் முகத்தைப் பார்க்காமல் மணலைப் பார்த்துப் பேசினேன்.

"கோடை விழாவுல பெரியவங்களும் தூண்டில் போடுவாங்க."

"தெரியும்."

"உங்கம்மாவும் போடுவா. உனக்குப் படிக்கத் தெரியாதுன்னு அவ நெனைக்கிறா. அதனாலதான் பெரிய பள்ளிக்கு அனுப்பப் பயப்படுறா. நான் சொல்ல மாட்டேன்னு சொன்னேன், சொல்லல, இனியும் சொல்ல மாட்டேன். ஆனா அன்னிக்கு மீன் யாருன்னு நீ முடிவு பண்ணிக்கலாம்."

ரொம்ப நேரம் மணலைக் கிண்டினாள்.

"என்னப் பாப்பாங்களா?"

"கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கறத யாரு பாக்க முடியும்?"

"அம்மா தப்புத் தப்பா எழுதுனா?"

"மீன் பொறுமையா படிக்கணும்."

'ஷூப்' என்று ஒரு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

விழாவன்று மழை, வேறென்ன. ஜூன் தொடக்கத்தில் மழை பெய்யாத விழாவை நான் பார்த்ததில்லை. மழைக்கோட்டு போட்டுக்கொண்டு பிள்ளைகள் பாடினார்கள், பெற்றோர் நனைந்துகொண்டே கை தட்டினார்கள், ஸ்ட்ராபெரி கேக்கின் கிரீம் வழிந்தது. பிறகு மழை விட்டது. பிர்ச் மரங்கள் ரெண்டுக்கு நடுவில் ஓலா நீல விரிப்பைக் கட்டினான். வேலிப் பக்கமாகச் சுற்றி வந்து ஹில்லெவி அதற்குப் பின்னால் புகுந்துகொண்டாள். எங்கே போனாள் என்று யாரும் தேடவில்லை. கூட்டம் சேர்ந்தால் அவள் எங்காவது ஒளிந்துகொள்வாள் என்பது எல்லோருக்கும் பழகிப்போன விஷயம்.

நான் வெளியே தெரியக் கூடாதே! நான்தான் மீன் என்று எல்லோரும் நம்ப வேண்டும். ஆகவே மூன்று சக்கர சைக்கிள்கள் வைக்கிற கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஊரே காபியும் கேக்குமாக இருக்கிறது, நான் சிலந்திகளோடு நின்று பலகை இடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்.

முதலில் பிள்ளைகள். கேட்டது கேட்டபடி போயிற்று. பிறகு பெரியவர்கள். யாரோ ஓர் அப்பா பீர் கேட்டு எழுதினார், சிவப்புப் பழரசம் வந்தது. ஓலாவுக்குச் சும்மா இருக்க முடியுமா? போன வருடத்துப் புளித்த மீன் டின் ஒன்று வேண்டும் என்று எழுதி அனுப்பினான். எங்கள் கடற்கரையின் சொத்து அது. திறந்தால் தெருவே மூக்கைப் பிடிக்கும். கொஞ்ச நேரம் கழித்துச் சீட்டு திரும்பி வந்தது. ஓலா சத்தமாகப் படித்தான்: "நாறும். போ தாடி."

எல்லோரும் சிரித்தார்கள். "மாரித்துக்கு இன்னைக்கு நக்கல் ஜாஸ்தி," என்றார் பழரசக்காரர். மாலின் மட்டும் சிரிக்கவில்லை. கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"எனக்கும் ஒரு சீட்டு குடு."

"பெரிய பெரிய எழுத்தா எழுது. மீனுக்குக் கண்ணாடி கெடையாது," என்றான் ஓலா.

முழங்காலில் வைத்து எழுதினாள். எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள். அந்தச் சீட்டைப் பிறகு நான் பார்த்தேன். "கோவமா இருக்கியா? நான் செய்யறது சரியா தப்பா எனக்குத் தெரியல. ஹில்லெவி பெரிய பள்ளிக்கு இந்த வருசமா, அடுத்த வருசமா? நேரா சொல்லு," என்று இருந்தது. நேரில் பேச வாய் வராமல் என்னிடம்தான் கேட்டிருக்கிறாள். தூண்டில் விரிப்பைத் தாண்டிப் போயிற்று.

ஒன்றும் நடக்கவில்லை. விரிப்பு காற்றில் உப்பி அமுங்கியது. அவ்வளவு நீளமான சீட்டு இதுவரை மீனுக்கு வந்ததில்லை. படி கண்ணு, அவசரமில்லை, ஒவ்வொரு எழுத்தாகப் படி என்று மனதுக்குள் கெஞ்சினேன். பழரசக்காரர், "மீன் தூங்கிருச்சா?" என்றார். ஓலா அவரை முறைத்த முறைப்பில் அவர் பழரசத்தைக் குடிக்கத் தொடங்கினார்.

இழுப்பு ரெண்டு.

மாலின் கயிற்றை இழுத்துச் சீட்டைக் கழற்றினாள். படித்தாள். நெற்றி சுருங்கியது.

"இந்த வருசம். பை ரெடி," என்று வாய்விட்டுப் படித்தாள். "என்ன பை? மாரித், என்ன கையெழுத்து இது, கோழி கிண்டின மாதிரி?"

எனக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு சைக்கிள் கடபுடவென்று உருண்டது. தலையெல்லாம் ஒட்டடையோடு புல்வெளியில் போய் நின்றேன். மாலின் என்னைப் பார்த்தாள். விரிப்பைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

நான் வாயே திறக்கவில்லை. கொடுத்த வாக்கு வாக்குதான்.

மாலின் விரிப்பின் ஓரத்தைப் பிடித்தாள். இழுத்தால் போச்சு. அந்தப் பக்கம் ஒரு குழந்தை, இந்தப் பக்கம் அதன் வாயைப் பார்க்க ஒரு கூட்டம். மறுபடியும் மேசைக்கு அடிதான்.

மாலின் இழுக்கவில்லை. பிடித்த கையை மெதுவாக விட்டாள். பென்சிலை எடுத்து அதே சீட்டின் பின்பக்கம் ஒரு வரி எழுதி, மாட்டி, வீசினாள். "நீ யாரு?"

இந்தமுறை பதில் சட்டென்று வந்தது.

"மீன்."

மாலின் அந்தச் சீட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, துடைக்கவில்லை. "என் பொண்ணு," என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "நான் எழுதினத முழுசா படிச்சிருக்கா, மாரித். பதில் வேற எழுதியிருக்கா." முகம் முழுக்கப் பெருமை. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். ஓலா அந்தப் பக்கம் திரும்பித் தாடியைத் துடைத்துக்கொண்டான்.

பிறகு எழுந்து விரிப்புக்குப் பக்கத்தில் போனாள், மூக்கு துணியில் படுகிற அளவுக்கு. அவள் சொல்லப்போவதை எந்த எழுத்தாலும் எழுத முடியாது. உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே இழுத்தாள், ஷூப்.

மீன் சத்தம் போடக் கூடாது. முப்பது வருடத்துக்கு மேலாக நான் காத்து வந்த சட்டம் அது. விரிப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அதே மாதிரி, சின்னதாக ஒரு மூச்சு உள்ளே போனது. தோட்டத்தில் எல்லோருக்கும் கேட்டது. மீனைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை.